தொலைநோக்கித் தாங்கியின் யூஎஸ்பி கட்டுப்பாட்டுக் கேபிள்: ஒரு வரலாறு

தொலைநோக்கித் தாங்கியின் யூஎஸ்பி கட்டுப்பாட்டுக் கேபிள் என்பது, தொலைநோக்கியைத் தாங்கி நிற்கும் மோட்டார் பொறியைக் கணினியின் யூஎஸ்பி துளையுடன் இணைக்கும் கம்பி ஆகும். இதன் வழியாகக் கணினி, தொலைநோக்கியை எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் திருப்ப வேண்டும் என்ற கட்டளைகளை அனுப்புகிறது; தாங்கி, தான் தற்போது நிற்கும் நிலையைத் திருப்பி அறிவிக்கிறது. சின்டா நிறுவனம் ஸ்கை-வாட்சர் என்ற வணிகப் பெயரில் விற்கும் ஹெச்ஈக்யூ5, ஈக்யூ6 ஆகிய தாங்கிகளுக்கான இத்தகைய கேபிள், பொழுதுபோக்கு வானியலாளர்களிடையே "ஈக்யூடிர்" என்ற பெயரால் அறியப்படுகிறது. கடைகளில் கிடைக்கும் முன்பே பலர் இதனை வீட்டு மேசையில் தாமே செய்துகொண்டனர். மூன்று கம்பிகளும் ஒரு சில்லும் மட்டுமே கொண்ட இந்தச் சிறு பொருளின் பின்னால், வெவ்வேறு காலங்களில் பிறந்த மூன்று மின்னணு மரபுகளின் வரலாறு உள்ளது.

விண்மீனைத் தொடரும் தேவை

புவி தன் அச்சில் சுழல்வதால் விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதுபோல் தோன்றுகின்றன. விண்மீன்களை ஒப்பிட்டுப் பார்த்தால் புவி ஒரு முழுச் சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் முடிக்கிறது. ஆகவே வானம் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 15 வில்விநாடி நகர்கிறது. வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. அசையாமல் நிற்கும் தொலைநோக்கியில், அதிக உருப்பெருக்கத்தின்போது ஒரு விண்மீன் ஒரு நிமிடத்திற்குள்ளேயே பார்வைப் புலத்தை விட்டு வெளியேறிவிடக்கூடும்.

இதற்கான தீர்வு நடுவரைத் தாங்கி ஆகும். இதன் இரு அச்சுகளுள் ஒன்று புவியின் அச்சுக்கு இணையாக அமைக்கப்படுகிறது. அந்த ஓர் அச்சை மட்டும் சீரான வேகத்தில் சுழற்றினால் விண்மீன் பார்வைப் புலத்திலேயே நிற்கும். செருமானியக் கண்ணாடி வல்லுநர் யோசப் பிரான்கோபர் 1824இல் டோர்பாட் வானாய்வகத்திற்கு வழங்கிய தொலைநோக்கி, எடைக்கல்லால் இயங்கும் கடிகாரப் பொறியுடன் அமைந்திருந்தது. டோர்பாட் இன்று எஸ்தோனியாவிலுள்ள தார்த்து நகரம் ஆகும். வில்லெம் ஸ்ட்ரூவ அக்கருவியைக் கொண்டு 3000க்கும் மேற்பட்ட இரட்டை விண்மீன்களைப் பட்டியலிட்டார். கருவியைக் கையால் தள்ளிக்கொண்டே இருக்கத் தேவையில்லாததால் கண்ணும் கையும் அளவீட்டுக்கு விடுதலை பெற்றன.

20ஆம் நூற்றாண்டில் எடைக்கல்லின் இடத்தை மின்மோட்டார் பிடித்தது. பின்னர் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி மட்டும் நகரும் ஸ்டெப்பர் மோட்டார் வந்தது. துடிப்புகளை எண்ணினால் தாங்கி எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை அறிய முடியும். கணினி உள்ளே நுழைவதற்கான வாயில் இதுவே.

கணினியின் வருகை

1980களின் பிற்பகுதியில் செலஸ்ட்ரான் நிறுவனத்தின் கம்ப்யூஸ்டார், பொருளின் பெயரைக் கொடுத்தால் தானே அதைத் தேடிச் செல்லும் தொலைநோக்கியைப் பொழுதுபோக்கு வானியலாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1992இல் மீட் நிறுவனம் எல்எக்ஸ்200 தொலைநோக்கியை வெளியிட்டது. இதில் கணினியை இணைப்பதற்கான ஆர்எஸ்-232 துளை இருந்தது. அதைவிட முக்கியமாக, தொலைநோக்கி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல் பயனர் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதனால் எவரும் அதற்கு மென்பொருள் எழுத முடிந்தது. எல்எக்ஸ்200 கட்டளை மொழியைப் பிற கருவிகளும் பின்பற்றின. பின்னாளில் பொழுதுபோக்கு ஆர்வலர்கள் உருவாக்கிய ஆன்ஸ்டெப் கட்டுப்பாட்டுப் பொறியும் இம்மொழியின் வழியில்தான் பேசுகிறது.

அதே 1990களில் அமெரிக்கத் தொலைநோக்கிக் கைவினைஞர் மெல் பார்ட்டல்ஸ், அச்சுப்பொறிக்கான பேரலல் துளையின் வழியாக ஸ்டெப்பர் மோட்டார்களை இயக்கும் முறையை வெளியிட்டார். பழைய கணினி, சில டிரான்சிஸ்டர்கள், இரண்டு மோட்டார்கள் ஆகியவற்றைக் கொண்டு, வீட்டில் செய்த தொலைநோக்கியையும் தானியங்கியாக்க முடியும் என்பதை அவரது பணி காட்டியது.

ஆர்எஸ்-232 மரபு

எல்எக்ஸ்200 பயன்படுத்திய ஆர்எஸ்-232 வானியலுக்காகப் பிறந்தது அன்று. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960இல் இத்தரத்தை வெளியிட்டது. பரவலாக அறியப்பட்ட "சி" திருத்தம் 1969இல் வந்தது. தொலைத்தட்டச்சு முனையங்களையும் தொலைபேசி மோடங்களையும் இணைப்பதே அதன் நோக்கம். 1984இல் வெளிவந்த ஐபிஎம் பிசி/ஏடி கணினிக்குப் பின் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் துளை கணினிகளில் வழக்கமாயிற்று.

இத்தரத்தில் தரவு பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் செல்கின்றன. 1 என்ற பிட்டுக்கு எதிர் மின்னழுத்தமும் 0 என்ற பிட்டுக்கு நேர் மின்னழுத்தமும் பயன்படுகின்றன. அனுப்பும் முனை 5 முதல் 15 வோல்ட் வரை, நேராகவோ எதிராகவோ, தரலாம். பெறும் முனை 3 வோல்ட்டைக் கடந்தாலே புரிந்துகொள்ள வேண்டும். நீண்ட கம்பியில் ஏற்படும் இழப்பையும் இரைச்சலையும் தாங்குவதற்காகவே இவ்வளவு பெரிய மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கைக்கருவியும் மோட்டார் பலகையும்

சின்டா நிறுவனத்தின் ஹெச்ஈக்யூ5, ஈக்யூ6 தாங்கிகள் 2000களில் ஒப்பீட்டளவில் குறைந்த விலையில் பரவின. 'சின்ஸ்கேன்' என்ற கைக்கருவியுடன் வந்த வகைகள் பொருளைத் தானே தேடிச் சென்றன. இவற்றின் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கைக்கருவி வானியல் கணக்குகளைச் செய்யும். ஆயிரக்கணக்கான வான்பொருள்களின் இருப்பிடங்கள் அதன் நினைவகத்தில் உள்ளன. தாங்கியின் உள்ளே இருக்கும் மோட்டார் பலகைக்கோ வானியல் எதுவும் தெரியாது. "இந்த அச்சை இத்தனை படிகள் திருப்பு", "இந்த வேகத்தில் ஓடு", "நில்" என்பன போன்ற கட்டளைகளை மட்டுமே அது நிறைவேற்றும்.

கைக்கருவியும் மோட்டார் பலகையும் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு கட்டளையும் முக்காற்புள்ளியில் தொடங்குகிறது. அடுத்து வருவது கட்டளையைக் குறிக்கும் ஓர் எழுத்து. அதன்பின் வரும் எண் எந்த அச்சு என்பதைச் சொல்கிறது: 1 என்றால் வல ஏற்ற அச்சு, 2 என்றால் நடுவரை விலக்க அச்சு. கட்டளை ஏற்கப்பட்டால் பதில் சமக்குறியில் தொடங்கும். பிழை என்றால் வியப்புக்குறியில் தொடங்கும். அச்சின் நிலை ஆறு பதினறும இலக்கங்களாக, கடைசி இரு இலக்கங்கள் முதலில் வருமாறு புரட்டி அனுப்பப்படுகிறது.

இத்தாங்கிகளின் அச்சு ஒரு முழுச் சுற்றுக்கு 90,24,000 நுண்படிகள் நகர்கிறது. அதாவது ஒரு நுண்படி ஏறத்தாழ 0.14 வில்விநாடி. விண்மீனைத் தொடர விநாடிக்குச் சற்றேறக்குறைய 105 நுண்படிகள் போதும்.

இந்த வேலைப் பிரிவினையில்தான் ஒரு வாய்ப்பு மறைந்திருந்தது. மோட்டார் பலகைக்கு மறுமுனையில் இருப்பது கைக்கருவியா கணினியா என்பது தெரியாது. அதே மொழியில் பேசும் எதற்கும் அது பணியும். எனவே கைக்கருவியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் கணினியை அமர்த்த முடியும்.

ஈக்யூமாட் திட்டம்

இந்த வாய்ப்பைப் பயன்படுத்தியது ஈக்யூமாட் என்ற தன்னார்வத் திட்டம். 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய இத்திட்டத்தினர், மோட்டார் பலகையின் கட்டளை மொழியை ஆராய்ந்து கண்டறிந்து, விண்டோஸ் கணினிக்கான இயக்கி மென்பொருளை எழுதி இலவசமாக வழங்கினர். பிற்காலத்தில் ஸ்கை-வாட்சரும் அக்கட்டளைத் தொகுப்பை ஆவணமாக வெளியிட்டது.

இதற்கு அடித்தளமாக அமைந்தது அஸ்காம். பாப் டென்னி என்ற மென்பொருளாளர் 1990களின் இறுதியில் தொடங்கிய இந்த ஏற்பாடு, வானியல் மென்பொருளுக்கும் கருவிக்கும் இடையே ஒரு பொது மொழியை வகுத்தது. கருவிக்கு ஓர் இயக்கி எழுதிவிட்டால் போதும். அஸ்காமை ஏற்கும் எல்லா மென்பொருளும் அக்கருவியை இயக்கும். லினக்ஸ் பக்கத்தில் எல்வுட் டவுனி வகுத்த இண்டி என்ற நெறிமுறை 2003 முதல் இதே பணியைச் செய்தது. அதிலும் இத்தாங்கிகளுக்கான ஈக்யூமாட் இயக்கி பின்னர் சேர்க்கப்பட்டது.

கணினியிலிருந்து நேரடியாகத் தாங்கியை ஆள்வதால் பயனர்களுக்குப் பல நன்மைகள் கிடைத்தன. வான வரைபட மென்பொருளில் ஒரு பொருளைச் சொடுக்கினால் தொலைநோக்கி அங்கே திரும்பியது. வழிகாட்டி ஒளிப்படக்கருவி ஒரு விண்மீனைக் கவனித்து, அது சற்று விலகினாலும் உடனுக்குடன் திருத்தம் அனுப்பியது. பல நிமிடங்கள் நீளும் ஒளிப்படங்களிலும் விண்மீன்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாகப் பதிந்தன.

இரண்டு மின்னழுத்த மொழிகள்

மென்பொருள் இருந்தும் கணினியைத் தாங்கியுடன் அப்படியே இணைக்க முடியவில்லை. காரணம் மின்னழுத்தம். மோட்டார் பலகையின் நுண்கட்டுப்படுத்தி டிடிஎல் எனப்படும் அளவில் இயங்குகிறது. அதில் 1 என்பது ஏறத்தாழ 5 வோல்ட். 0 என்பது ஏறத்தாழ சுழி. எதிர் மின்னழுத்தத்திற்கு அங்கே இடமில்லை. மேலும் ஆர்எஸ்-232இல் 1 எதிராகவும் 0 நேராகவும் இருப்பதால், அளவு மட்டுமின்றித் திசையும் தலைகீழாகிறது.

இதனால் ஒரு பெரிய ஆபத்து உண்டானது. ஈக்யூ6 தாங்கியில் கைக்கருவிக்கான துளை, கணினியின் சீரியல் துளையைப் போலவே ஒன்பது ஊசி வடிவம் கொண்டது. வழக்கமான சீரியல் கேபிளை எடுத்துச் சொருகினால் அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கணினியின் மின்னழுத்தம் மோட்டார் பலகையைப் பழுதாக்கக்கூடும். கைக்கருவிக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் கம்பியும் அதே துளையில் இருப்பதால் கணினிக்கும் ஆபத்து உண்டு. ஹெச்ஈக்யூ5இல் உள்ள துளை வலையமைப்புக் கேபிளுக்குரிய ஆர்ஜே-45 வடிவம் கொண்டது. அதை வலையமைப்புத் துளையாகக் கருதித் திசைவியுடன் இணைப்பதும் அதே அளவு ஆபத்தானது. இணைப்பியின் வடிவம் ஒன்றாக இருப்பது உள்ளே ஓடும் மின்சாரம் ஒன்று என்பதற்கு உறுதி ஆகாது என்பது, இக்கேபிள்களைச் செய்தோர் முதலில் கற்ற பாடம்.

முதல் ஈக்யூடிர் பெட்டிகள் இச்சிக்கலை மேக்ஸ்232 என்ற சில்லைக் கொண்டு தீர்த்தன. மேக்சிம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட இச்சில்லு, 5 வோல்ட் மின்சாரம் ஒன்றிலிருந்தே சில மின்தேக்கிகளின் உதவியால் நேரும் எதிருமான மின்னழுத்தங்களை உருவாக்கி, இரு மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நின்றது. தீப்பெட்டி அளவுள்ள பலகையில் சால்டர் செய்து இதனை ஆர்வலர்கள் உருவாக்கினர்.

யூஎஸ்பி மாற்றம்

இதற்கிடையே கணினிகள் மாறிவிட்டன. யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 சனவரியில் வெளிவந்தது. 1998இல் வந்த ஆப்பிளின் ஐமேக் பழைய சீரியல் துளைகளை விட்டுவிட்டு யூஎஸ்பியை ஏற்றது. 2000களின் நடுப்பகுதியில் பெரும்பாலான புதிய மடிக்கணினிகளிலிருந்து சீரியல் துளை மறைந்தது. இரவில் வெட்டவெளிக்கு எடுத்துச் செல்லப்படுவது மடிக்கணினியே என்பதால் வானியலாளர்களை இம்மாற்றம் உடனடியாகத் தாக்கியது.

வேகத்திற்காக யாரும் யூஎஸ்பியை நாடவில்லை. யூஎஸ்பி 1.1இன் முழு வேகம் விநாடிக்கு 1.2 கோடி பிட். தாங்கி பேசும் 9600 பிட்டைவிட இது 1250 மடங்கு. அச்சின் நிலையைக் கேட்டுப் பதில் பெறுவதற்குப் பன்னிரண்டு எழுத்துகளே செலவாகின்றன. அதற்குத் தாங்கியின் வேகத்திலேயே 12.5 மில்லிவிநாடி போதும். கணினியில் வேறு துளை இல்லை என்பதே யூஎஸ்பிக்கு மாறியதன் ஒரே காரணம்.

தொடக்கத்தில் பலர் யூஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்-232க்கு மாற்றும் கேபிளையும், ஆர்எஸ்-232இலிருந்து டிடிஎல்லுக்கு மாற்றும் ஈக்யூடிர் பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பயன்படுத்தினர். இங்கே மின்னழுத்தம் தேவையின்றி ஒருமுறை உயர்த்தப்பட்டுப் பின் இறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சில்லு இந்தச் சுற்றுவழியை நீக்கியது. அச்சில்லின் ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் நேரடியாக டிடிஎல். அந்நிறுவனம் இச்சில்லை யூஎஸ்பி செருகியின் உள்ளேயே அடக்கி, மறுமுனையில் ஆறு கம்பிகள் மட்டும் வெளியே தெரியுமாறு ஆயத்தக் கேபிளாகவும் விற்றது. மேக்ஸ்232 பெட்டிக்கு அதன்பின் வேலையில்லை.

கேபிளின் அமைப்பு

எஃப்டிடிஐ ஆயத்தக் கேபிளின் ஆறு கம்பிகளில் மூன்று மட்டுமே தாங்கிக்குத் தேவை. ஆரஞ்சு நிறக் கம்பி கணினியிலிருந்து தரவை அனுப்புகிறது. மஞ்சள் கம்பி தரவைப் பெறுகிறது. கறுப்புக் கம்பி பொதுத் தரை. சிவப்புக் கம்பி 5 வோல்ட் மின்சாரம் தருவது. தாங்கிக்குத் தனி மின்வழங்கி இருப்பதால் சிவப்பு இணைக்கப்படுவதில்லை. பழுப்பு, பச்சைக் கம்பிகளும் அவ்வாறே விடப்பட்டு முனைகள் காப்பிடப்படுகின்றன.

அனுப்பும் கம்பி எதிர்முனையின் பெறும் ஊசிக்கும், பெறும் கம்பி எதிர்முனையின் அனுப்பும் ஊசிக்கும் செல்ல வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதுபோல இது அமைகிறது. ஹெச்ஈக்யூ5 போன்றவற்றுக்கு வலையமைப்புக் கேபிள் ஒன்றை வெட்டி, அதன் ஒரு முனைச் செருகியைப் பயன்படுத்திக்கொள்வது வழக்கம். வலையமைப்புக் கேபிள்களில் இரு வேறு நிற வரிசைகள் உள்ளதால் நிறத்தை நம்பாமல், மல்டிமீட்டரைக் கொண்டு ஒவ்வொரு ஊசியையும் சோதித்துப் பார்ப்பதே முறை. ஊசிகளின் வரிசை தாங்கிக்குத் தாங்கி வேறுபடும். சில புதிய பலகைகள் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 3.3 வோல்ட்டில் இயங்குகின்றன. எனவே குறிப்பிட்ட வகைத் தாங்கியின் விவரத்தை உறுதி செய்த பின்பே சால்டர் செய்யப்படுகிறது.

தாங்கியில் சொருகும் முன் செய்யப்படும் ஒரு சோதனை எளியது. ஆரஞ்சு, மஞ்சள் கம்பிகளைத் தற்காலிகமாக ஒன்றோடொன்று தொடவைத்து, கணினியின் முனைய மென்பொருளில் தட்டச்சு செய்தால், தட்டிய எழுத்துகளே திரும்பி வர வேண்டும். வந்தால் சில்லும் இயக்கி மென்பொருளும் சரியாக உள்ளன. பிறகு இணைப்புகள் வெப்பத்தால் சுருங்கும் குழாயால் மூடப்படுகின்றன. தொலைநோக்கி திரும்பும்போது கேபிள் இழுபடும் என்பதால், இழுவிசை சால்டர் இணைப்பின் மேல் விழாதபடி கேபிளை இறுகக் கட்டுவதும் தேவை. யூஎஸ்பி பகுதியின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

போலிச் சில்லுகளும் 2014 நிகழ்வும்

எஃப்டி232ஆர் பெற்ற வெற்றி போலிகளையும் உருவாக்கியது. அதே பெயர் பொறிக்கப்பட்ட, குறைந்த விலைப் போலிச் சில்லுகள் சந்தையில் நிறைந்தன. 2014இல் விண்டோஸ் இற்றைப்படுத்தல் வழியாகப் பரவிய எஃப்டிடிஐ இயக்கி மென்பொருள், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக மாற்றியது. அதன்பின் கணினிகள் அச்சில்லுகளை அடையாளம் காணவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அந்த இயக்கி அவ்வாண்டே திரும்பப் பெறப்பட்டது. தான் வாங்கியது போலி என்பதே தெரியாத பயனரின் கருவியும் ஒரே இரவில் செயலிழக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. தைவானின் புரோலிஃபிக், சீனாவின் சிஹெச்340 போன்ற வேறு மாற்றுச் சில்லுகளும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் தாங்கி கேபிள்களுக்கு நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கிய அசல் சில்லையே பலர் விரும்புகின்றனர்.

பிற்கால வளர்ச்சி

பின்னர் வந்த சின்ஸ்கேன் கைக்கருவிகளிலும், ஈக்யூ6-ஆர் வகையின் பிந்தைய தயாரிப்புகளிலும் யூஎஸ்பி துளை நேரடியாகவே இடம்பெற்றது. கைக்கருவித் துளையில் பொருத்தும் வைஃபை இணைப்பிகளும் வந்தன. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இண்டி மென்பொருளை நிறுவி, தாங்கியின் அருகிலேயே பொருத்தி, வீட்டுக்குள்ளிருந்து கம்பியில்லாமல் இயக்கும் முறையும் பரவியது. அங்கும் சிறு கணினிக்கும் தாங்கிக்கும் இடையிலான கடைசி ஒரு முழம் பெரும்பாலும் அதே ஈக்யூடிர் கேபிளாகவே உள்ளது.

முக்கியத்துவம்

நன்கு பேணப்படும் தாங்கியின் பல்சக்கரங்களும் தாங்குருளைகளும் பல பத்தாண்டுகள் உழைக்கும். கணினியின் துளைகளோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. இரண்டின் ஆயுளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை நிரப்புவதே கட்டுப்பாட்டுக் கேபிளின் உண்மையான பணி. 1960களின் தொலைத்தட்டச்சு மரபையும், நுண்கட்டுப்படுத்தியின் 5 வோல்ட் மரபையும், 1996இன் யூஎஸ்பியையும் அது ஒரே கோட்டில் நிறுத்துகிறது.

ஆனால் கம்பி மட்டும் போதாது. கட்டளை மொழி தெரியாமல் இருந்திருந்தால், ஊசிகளைச் சரியாக இணைத்தும் பயன் இருந்திருக்காது. எல்எக்ஸ்200இன் மொழி கையேட்டில் அச்சிடப்பட்டதாலும், சின்டா பலகையின் மொழி ஆர்வலர்களால் கண்டறியப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டதாலும்தான், அக்கருவிகள் தமக்குரிய காலத்துக் கணினிகள் மறைந்த பிறகும் இயங்குகின்றன. மொழி மூடப்பட்ட கருவி, அதன் உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்தும் நாளில், இயந்திரம் நல்ல நிலையில் இருந்தும் வெறும் இரும்பாகிவிடும். மொழி திறந்த கருவிக்கு, அடுத்த தலைமுறை எந்தத் துளையுடன் வந்தாலும், மூன்று கம்பிகளைச் சால்டர் செய்யத் தெரிந்த ஒருவர் போதும்.